‘நிறுத்தாத’ பாட்டில் பேசிய குரல்

‘நிறுத்தாத’ பாட்டுக்குத் தாளம் போடுவது ஒரு மின்விசிறி. பலரும் அதை டிரம் என்றே நினைத்தார்கள். பாட்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கும் வேலை வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோயம்புத்தூரில் இருந்த ஒலிமூல ஆய்வகத்தில் நான் வேலை பார்த்தேன். படித்தது இயற்பியல். நாள் முழுவதும் காதில் ஹெட்போனோடு உட்காரலாம், யாரும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

எந்தக் குரலையும் எந்த வாத்தியத்தையும் கணினி நொடியில் செய்து கொடுத்துவிடும் காலம் அது. பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் வேலை போனது. அவர்கள் போராடிப் பெற்றதுதான் மெய்யொலி முத்திரை. பாட்டில் உள்ள ஒவ்வொரு ஒலியும் எங்கோ உண்மையாக எழுந்து மைக்கில் பதிவானது என்று தெரிந்தால் முத்திரை கிடைக்கும். முத்திரை இருந்தால்தான் வானொலியும் மேடையும். பதிவான ஒலியா, கணினி செய்த ஒலியா என்று சொல்லும் கருவிக்குத் தடங்காட்டி என்று பெயர் வைத்தோம். அதை உருவாக்கியவர்களில் நானும் ஒருத்தி.

அந்தப் பாட்டைக் கொண்டுவந்தவர் திருப்பூர் பூபதி. ‘வேஸ்ட் பனியன்’ என்ற ஹிப்-ஹாப் குழுவில் இசை அவருடையது, வரிகளும் குரலும் அவருடைய நண்பர் ரபீக்குடையவை. பனியன் கம்பெனிகளில் வெட்டியபின் மிஞ்சும் துணிக்கு வேஸ்ட் என்று பெயர். மற்றவர்கள் பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி சாம்பிள் என்று வைத்துக்கொள்வார்கள். இவர்கள் ஊர் தூக்கி எறிகிற சத்தங்களிலிருந்து வெட்டினார்கள்.

“இந்த டிரம் எங்க ரெக்கார்ட் பண்ணினது?” என்று கேட்டேன்.

“டிரம்முங்களா? மேடம், அது ஃபேனுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அடுக்காகச் சொன்னார். சல்லடை சலிப்பது போல மேலே ஓடும் ஓசை, ஓவர்லாக் தையல் மிஷினில் ஒரு அக்கா கழுத்துப்பட்டி அடிப்பது. அடிவயிற்றில் விழும் ‘தொம்’, நாலு பேர் துணிப் பண்டலை சிமெண்டுத் தரையில் போடுவது. இடையே வரும் சீற்றம் அயர்ன் டேபிளின் நீராவி. பாட்டின் நடுவே யானை பிளிறுவது போல எழும் அந்த நீண்ட ஒலி, மினி பஸ் கண்டக்டரின் விசில். எட்டு மடங்கு மெதுவாக்கியிருந்தார்.

“எட்டு மடங்குன்னு எப்படித் தெரிஞ்சது?”

“ஏழுல பஸ்ஸு மாதிரியே இருந்துச்சுங்க. ஒம்பதுல செத்துப்போச்சு.”

இந்தப் பதிலை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் யாரும் ஒரு அளவை இப்படி விளக்கியதில்லை.

பிறகு அந்தக் குரல். ‘நிறுத்தாத’ என்று ஒரு பெண் கத்துகிறாள், அடுத்த கணம் தானே சிரித்துவிடுகிறாள். ஒன்றரை நொடிகூட இருக்காது. பாட்டு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

“பக்கத்து லைன் வீட்டுல ஒரு புள்ள இருக்குதுங்க” என்றார் பூபதி. “அவங்க வீட்டு ஃபேன் ஒரு பக்கம் எறங்கிக் கெடக்குது. டக், டக்டக்குன்னு ஒரு நொண்டி நடை. காதுல விழுந்ததுக்கப்புறம் விட முடியலைங்க. மைக்க வெச்சு எடுத்துட்டேன். வெறும் ரூமோட அமைதியும் கொஞ்சம் வேணும்னு சுவிட்சுல கை வெச்சேன் பாருங்க, கத்துச்சு, ‘நிறுத்தாதண்ணா’ன்னு. கைக்கொழந்தை அப்பத்தான் தூங்கியிருக்குது. கத்திப்போட்டு அதுவே சிரிச்சுருச்சு. நான் ‘ண்ணா’வ மட்டும் வெட்டிட்டேன்.”

“ரூம் சத்தத்த எடுத்துட்டு குரல மட்டும் வெச்சிருக்கலாமே? சுத்தமா இருந்திருக்கும்.”

“செஞ்சு பாத்தேனுங்க. குரலு அநாதையாட்டம் நின்னுச்சு. அந்த ஃபேனு, அந்தச் செவுரு, அதுக்குள்ளதான் அது சிரிக்குது. அதனால பாட்டையே அந்த ஃபேனோட நடைக்கு மாத்திட்டேன்.”

நொண்டுகிற ஒரு மின்விசிறிக்கு ஏற்ப ஓவர்லாக் மிஷினையும் பண்டலையும் விசிலையும் நொண்ட வைத்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பாட்டைக் கேட்டால் கால் சும்மா இருப்பதில்லை. வீட்டுக்குப் போய் நானும் ஆடிப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு.

வேஸ்ட் பனியன் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் முடிவில் ரபீக், சத்தம் கொடுத்தவர்களின் பெயர்களைத் தாளத்தோடு சொல்வார். ஓவர்லாக் அக்கா, பண்டல் தூக்கிய நாலு பேர், கண்டக்டர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் இல்லை.

“பேர் விட்டுப்போச்சே?”

“அது மட்டும் வேண்டாங்க மேடம்.”

நான் மேலே கேட்கவில்லை. தடங்காட்டி எல்லா ஒலியும் பதிவு என்று சொன்னது. எங்கே, எப்போது பதிவானது என்பதையும் அது கண்டுபிடிக்கும், ஆனால் அந்த விவரம் பூட்டப்பட்டுவிடும். முத்திரை கொடுத்தேன்.

பாட்டு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில், பள்ளி விளையாட்டு விழாவில் எல்லாம் ‘நிறுத்தாத’. எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் நடக்கப் பழகுகிறவர்களுக்கு அதைப் போட்டுவிடுகிறார்கள் என்று என் தோழி சொன்னாள். அரசியல் கூட்டத்தில் பேச்சாளர் முடிக்கப் பார்த்தால் தொண்டர்கள் அந்தக் குரலிலேயே கத்தினார்கள், பேச்சு நீண்டால் கேலியாகவும் அதையே கத்தினார்கள். ஒன்றரை நொடிச் சிரிப்பை ஊரே பழகிக்கொண்டது.

பழகிக்கொண்டவர்களில் அவளுடைய வீட்டாரும் இருந்தார்கள்.

பாட்டு வந்து ஒரு வருடம் கழித்து மனு வந்தது. மனுதாரர் பெயர் சிவப்பிரகாஷ். பாட்டில் இருப்பது தன் தங்கை தாரணியின் குரல், அவள் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது, குரல் பதிவான இடத்தைத் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. குரலுக்கு உரியவரோ, அவருடைய ரத்த உறவோ கேட்டால் பூட்டிய விவரத்தைத் திறக்கலாம். இறந்தவர்களையும் சிறு குழந்தைகளையும் மனதில் வைத்துச் சேர்த்த வரி அது. நல்ல எண்ணத்தோடுதான் சேர்த்தார்கள்.

சிவப்பிரகாஷ் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு.

“டிவில பாட்டு ஓடுச்சுங்க. எங்கம்மா சோத்துத் தட்ட அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. என்ற தங்கச்சி சிரிப்பு எனக்குத் தெரியாதுங்களா?” என்றார். பிறகு கேட்டார்: “எந்த ஊரு, எந்த வீதின்னு எப்பங்க தெரியும்?”

அன்று அதை மூன்று விதமாகக் கேட்டார். அவள் நன்றாக இருக்கிறாளா என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

மறுநாள் பூபதி வந்தார். மனுவின் நகலும் விசாரணைத் தேதியும் அவருக்குப் போயிருந்தன. ஆய்வகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் தொடவில்லை.

“அந்தப் புள்ள வேற சாதிப் பையனக் கட்டிக்கிச்சு மேடம். அவன் கம்பெனில துணி வெட்டற கட்டிங் மாஸ்டரு. கல்யாணம் முடிஞ்ச மாசமே வழிமறிச்சு அவன் வலது கை வெரலையெல்லாம் ஒடச்சுப்போட்டாங்க. நாலு பேரு ஒடச்சப்ப இந்தச் சிவப்பிரகாஷு வண்டிய ஆஃப் பண்ணாம நின்னு பாத்திருக்கறான். இப்ப அவன் எடது கையில கத்திரி புடிக்கறான்.”

“வேற ஊருக்குப் போயிடலாமே?”

“போலாங்க. போயி? அங்க எவனாச்சும் தெருவுல ஒரு வீடியோ எடுப்பான். பின்னால இது ஒரு வார்த்தை பேசியிருக்கும். மறுபடி மனு போடுவாங்க, உங்க மிஷினு வீதியச் சொல்லும். உங்க மிஷினு இருக்கற வரைக்கும் அது வாயே தொறக்கக் கூடாதுங்க.”

அந்தக் கருவியைச் செய்த நாட்களில் இப்படி ஒரு வாக்கியத்தை நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

“விசாரணையில நான் சொல்லப்போறேன், அது கம்ப்யூட்டர்ல செஞ்ச குரலுன்னு” என்றார்.

“முத்திரை போயிடும். உங்க பேரும் போயிடும். உண்மைச் சத்தத்துல மட்டும்தான் பாட்டுன்னு நீங்கதானே எல்லா மேடையிலயும் சொன்னீங்க?”

“சொன்னேனுங்க.”

“அதோட, நீங்க சொன்னா மட்டும் போதாது. தடங்காட்டி பதிவுன்னு காட்டும். என்னால பொய் எழுத முடியாது.”

“நீங்க எழுத வேண்டாங்க மேடம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது எப்படிக் கண்டுபிடிக்குது?”

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றேன். “கரண்ட் ஓடுற இடத்துல எல்லாம் ஒரு ரீங்காரம் இருக்கும். காதுக்குக் கேக்காது, மைக்குல பதியும். அது நொடிக்கு நொடி கொஞ்சம் ஏறும், எறங்கும். ஒரு தடவ வந்த மாதிரி இன்னொரு தடவ வராது. அத வெச்சு நேரம் தெரியும். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் ஒரு கரகரப்பு உண்டு. அது இடத்தச் சொல்லும். எதிரொலி ரூமோட அளவச் சொல்லும்.”

“ஏமாத்தவே முடியாதுங்களா?”

“முடியாது.” எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

“அவ்வளவு நல்ல மிஷினுங்களா?”

“ஆமா.”

“அப்ப நல்லதாப் போச்சுங்க” என்று சொல்லிவிட்டு ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விசாரணை ஆய்வகத்தின் கூட்ட அறையில் நடந்தது. தலைவராக வந்தவர் கோமதிநாயகம், ஓய்வுபெற்ற நீதிபதி. அவசரப்படாத மனிதர். பூபதி எழுந்து அது செயற்கைக் குரல் என்று சொன்னதும் அறையில் ஒரு சலசலப்பு. சிவப்பிரகாஷின் வக்கீல் சிரித்தேவிட்டார்.

“ஆய்வகமே அதைப் பதிவு என்று முத்திரை கொடுத்திருக்கிறதே?” என்றார் தலைவர்.

“அந்த மிஷின ஏமாத்திட்டேனுங்க.”

“அப்படியானால் எங்கள் எதிரிலேயே ஒருமுறை செய்து காட்ட முடியுமா?”

“செய்யறேனுங்க ஐயா. எங்க வண்டி கீழதான் நிக்குது. அதுதான் எங்க ஸ்டூடியோ. வரியை நீங்களே குடுங்க.”

அது ஒரு பழைய லோடு வேன். உள்ளே சத்தம் புகாமல் இருக்க வேஸ்ட் பனியன் மூட்டைகளைச் சுவர் போலக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். கட்டடத்திலிருந்து மின்சாரம் இழுத்துக் கொடுத்தோம். வேனில் இருந்த கருவிகளைச் சோதிக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். செல்போன் அலை புகாமல் தடுக்கும் கருவியை வாசலில் வைத்தேன். கணினியில் பழைய பதிவுகள் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். வக்கீலும் எட்டிப்பார்த்தார். சாயவாடை அடித்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“உள்ள வாங்க சார், ஏசி இல்ல, ஆனா அளவெடுத்து நல்ல பனியனாப் பாத்துத் தர்றேன்” என்றார் ரபீக்.

வக்கீல் பின்வாங்கிவிட்டார்.

தலைவர் மேசைமேல் கிடந்த அன்றைய செய்தித்தாளைப் புரட்டி ஒரு வரியைச் சுற்றிக் கிழித்துக் கொடுத்தார். கடலோர மாவட்டங்களில் நாளை மறுநாள் மழைக்கு வாய்ப்பு. பூபதி துண்டை வாங்கிக்கொண்டு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே காவலர் நின்றார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. மெமரி கார்டைத் தலைவரிடம் கொடுத்தார், தலைவர் என்னிடம் கொடுத்தார். ஒலிக்கவிட்டேன்.

அந்தப் பெண் வானிலை அறிக்கை வாசித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுந்து நின்று வாசிப்பது போல வாசித்தாள். ‘மழைக்கு வாய்ப்பு’ என்று முடித்துவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

சிவப்பிரகாஷ் எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. “இது அவதானுங்க. அவளேதான்.”

“உட்காருங்கள்” என்றார் தலைவர். “இந்த வரியை நான் கொடுத்து நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. இவர் செய்ததும் உங்களுக்கு உங்கள் தங்கை குரலாகத்தான் கேட்கிறது. அப்படியானால் பாட்டில் கேட்டதும் அவள் குரல் என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?”

சிவப்பிரகாஷ் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “கருவி என்ன சொல்கிறது அம்மா? பதிவா, செய்ததா?”

கருவியின் முடிவு அறையின் பெரிய திரையில் ஒற்றைச் சொல்லாக வரும். மற்ற விவரங்கள் என் எதிரே இருக்கும் சிறிய திரையில் மட்டும். பெரிய திரையில் ‘பதிவு’ என்று வந்தது. அறை முழுவதும் ‘ஓ’ என்றது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

நான் சிறிய திரையைப் பார்த்தேன்.

நேரம்: பத்து நிமிடத்துக்கு முன். இடம்: இந்த வளாகம், கிழக்கு வாசல் மின்கம்பி. அறையின் அளவு: ஒரு வேனின் உட்புறத்தில் கால்வாசிகூட இல்லை, சுவர் துணி. மூச்சுகள்: இரண்டு. ஒன்று பேசும் பெண்ணுடையது. இன்னொன்று மிகச் சிறியது, சீரானது, தூங்குகிற குழந்தையுடையது.

கருவி ஏமாறவில்லை. பாட்டிலும் ஏமாறவில்லை, இன்றும் ஏமாறவில்லை. அது எவ்வளவு துல்லியம் என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் துல்லியத்தையே நம்பி அவர் இதைச் செய்திருக்கிறார். கொஞ்சம் மோசமான கருவியாக இருந்திருந்தால் ஒருவேளை தவறுதலாக ‘செய்தது’ என்று சொல்லி, கருவியை ஏமாற்றிவிட்டேன் என்ற அவர் பேச்சை அங்கேயே பொய்யாக்கியிருக்கும்.

“நம் கண்ணெதிரே செய்யப்பட்ட ஒன்றைப் பதிவு என்கிறது” என்றார் தலைவர். “கருவியில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாமா? நீங்கள் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?”

ஏழு வருட வேலை. அதைக் காப்பாற்ற நான் ஒரு வரி வாசித்தால் போதும். கீழே வாசலில் வேன் நிற்கிறது. இரண்டாவது வரிசையில் சிவப்பிரகாஷ் நிற்கிறார்.

“கருவி சொன்னது திரையில் இருக்கிறது ஐயா” என்றேன். “நான் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.”

சிறிய திரையை மூடினேன்.

தலைவர் அங்கேயே முடிவைச் சொன்னார். உண்மையையும் போலியையும் பிரித்தறியாத கருவி சொல்லும் முகவரியை யாருக்கும் தர முடியாது. மனு தள்ளுபடி. பாட்டின் முத்திரை ரத்து.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். வேஸ்ட் பனியன் குழுவைப் போலி என்றார்கள். பூபதியின் பெயருக்கு முன்னால் ‘டூப்’ என்று சேர்த்துச் சொன்னார்கள். ஓவர்லாக் அக்காவையும் கண்டக்டரையும்கூடக் கணினி செய்தது என்று சிலர் வாதாடினார்கள். கண்டக்டர் ஒரு பேட்டியில் விசிலை ஊதிக்காட்டியும் நம்பவில்லை. ஒரு வருடத்துக்குள் முத்திரைத் திட்டமே நின்றுபோனது. அதை நம்பியிருந்த எத்தனையோ பாடகர்களுக்கு அது பெரிய நஷ்டம், அதை நான் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். பூபதியும் சொல்ல மாட்டார். அவருக்கு வந்த வசவுகளில் அந்தப் பாடகர்களுடையதற்கு மட்டும் அவர் பதில் சொன்னதில்லை. தடங்காட்டி இப்போது ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குக் காட்டும் பொருளாக இருக்கிறது. நான் அந்தக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

பாட்டை நான் இன்னும் கேட்கிறேன். நான் பிரித்துப் பார்த்த நூற்றுக்கணக்கான பாட்டுகளில் அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் அதைச் செய்தவர் செய்த இன்னொரு பதிவு, வானிலை அறிக்கை, அதைவிட மேலானது என்று நினைக்கிறேன். அதைப் பற்றி யாரோடும் பேச முடிந்ததில்லை. அன்று ஒருவரோடு மட்டும் பேசினேன்.

விசாரணை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். சிவப்பிரகாஷின் கார் வெளியே போய், பாலத்தைத் தாண்டும்வரை மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு கீழே இறங்கி, மின்கம்பியைக் கழற்றுவதற்காக வேனுக்குப் போனேன்.

பூபதி கதவைத் திறந்தார். ரபீக் இரண்டு மூட்டைகளை நகர்த்தினார். பின்னால், கால் நீட்டக்கூட இடமில்லாத சந்தில், ஒல்லியான ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

“நாந்தான் வர்றேன்னு சொன்னேங்க்கா” என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. “இந்தண்ணன் வேண்டான்னுதான் சொன்னாரு. எத்தன நாளைக்குங்க்கா வாய மூடிட்டே இருக்கறது?”

“உங்க அண்ணன் மாடியில இருந்தாரே. பயமா இல்லையா?”

“பயமாத்தான் இருந்துச்சுங்க்கா. அந்த மழை வரியப் படிச்சா சிரிப்பு வந்துருச்சு.” குழந்தையின் தலையைத் துடைத்துவிட்டாள். “உங்க மிஷினு என்னங்க்கா சொல்லுச்சு?”

“உண்மையான குரல்னு சொல்லுச்சு. இப்பத்தான், இந்த வண்டிக்குள்ள பேசினதுன்னு சொல்லுச்சு. பக்கத்துல ஒரு குழந்தை தூங்குதுன்னும் சொல்லுச்சு.”

“இவ மூச்சு விட்டதக் கூடவா?”

“ம்.”

அவள் பூபதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்புறம்?”

“யாரும் நம்பலை” என்றேன்.